தரிசு என்பது முழுமையடையாத காடா? வழிமுறை வளர்ச்சி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வழிமுறை வளர்ச்சி என்றால் என்ன?

ஓர் இடத்தில் சேர்ந்து வாழும் தாவரங்கள், விலங்குகள், பூஞ்சைகள், நுண்ணுயிரிகள் ஆகியவற்றின் கூட்டத்தைக் குழுமம் என்கிறோம். அந்தக் குழுமத்தில் சில இனங்கள் குறைந்து வேறு இனங்கள் பெருகி, சில ஆண்டுகளிலோ சில நூற்றாண்டுகளிலோ அந்த இடத்தின் தோற்றமே மாறிவிடுவதைத்தான் வழிமுறை வளர்ச்சி என்ற சொல் குறிக்கிறது. மழைக்காலத்தில் தளிர்த்துக் கோடையில் காய்வது இதில் சேராது, ஏனெனில் அது ஆண்டுதோறும் பழைய நிலைக்கே திரும்பிவிடும். ஓர் இனம் தலைமுறை தலைமுறையாக உருமாறும் பரிணாமமும் இதில் சேராது. இங்கே இனங்கள் மாறுவதில்லை. இடத்தில் குடியிருப்பவர்கள்தான் மாறுகிறார்கள்.

நெல் அறுத்த புன்செய் ஓரத்து வயல் ஒன்றைச் சில ஆண்டுகள் உழாமல் விட்டுவைத்தால் இதைக் கண்ணால் காணலாம். முதலில் கோரையும் அறுகும் பரவும். அவற்றுக்கிடையே கொழுஞ்சியும் எருக்கும் தலைகாட்டும். மூன்றாவது, நான்காவது ஆண்டுகளில் ஆவாரை புதராகும். வேப்பங்கன்றுகளைத் தேடினால் அவை வயல் முழுவதும் சிதறிக் கிடப்பதில்லை, வயலுக்கு மேலே செல்லும் மின்கம்பியின் நேர்கீழே வரிசையாக நிற்கும். பழம் தின்ற பறவைகள் கம்பியில் அமர்ந்து எச்சமிட்ட இடம் அது. எந்தச் செடி எங்கே முளைக்கிறது என்பதற்கு மண்ணும் மழையும் மட்டும் காரணமல்ல, விதை யார் வழியாக வந்து சேர்கிறது என்பதும் காரணம் என்பதை அந்த வரிசையே சொல்லிவிடும்.

முதல்நிலை வளர்ச்சிக்கும் இரண்டாம் நிலை வளர்ச்சிக்கும் என்ன வேறுபாடு?

மண் இருந்ததா இல்லையா என்பதே வேறுபாடு. எரிமலைக் குழம்பு ஆறிய பாறை, பனிப்பாறை பின்வாங்கியதும் வெளிப்படும் சரளை, கடலில் புதிதாக எழுந்த தீவு ஆகியவற்றில் மண்ணும் இல்லை, மண்ணுக்குள் உறங்கும் விதைகளும் இல்லை. அங்கே தொடங்குவது முதல்நிலை. தீ எரித்த காடு, கைவிட்ட வயல், புயல் சாய்த்த தோப்பு ஆகியவற்றில் மண் அப்படியே இருக்கிறது. அதனுள் விதைகளும் வேர்களும் கிழங்குகளும் இருக்கின்றன. அங்கே நடப்பது இரண்டாம் நிலை, அது பெரும்பாலும் வேகமாக நடக்கும்.

ஆனால் இந்தக் கோடு பாடநூல் காட்டும் அளவுக்குத் தெளிவானது அல்ல. அமெரிக்காவின் செயிண்ட் ஹெலன்ஸ் மலை 1980 மே 18 அன்று வெடித்தபோது சுற்றியிருந்த நிலம் சாம்பலுக்குள் புதைந்தது. எல்லாம் அழிந்துவிட்டது என்று எண்ணிப் போனவர்கள், வளைக்குள் இருந்து பிழைத்த கோஃபர் என்ற கொறிவிலங்குகள் அடிமண்ணைத் தோண்டிச் சாம்பலுக்கு மேல் கொண்டுவந்து போடுவதைக் கண்டார்கள். அந்த மண்ணோடு பூஞ்சை வித்துகளும் மேலே வந்தன. பனிப்போர்வைக்குள் மறைந்திருந்த இளமரங்களும் தப்பியிருந்தன. ஒரே மலையில் சில அடி தூர வேறுபாட்டில் முதல்நிலையும் இரண்டாம் நிலையும் அருகருகே நடந்தன.

உயிரே இல்லாத இடத்தில் எது முதலில் வருகிறது?

பாறையில் முதலில் லைக்கன் (கல்லில் ஒட்டிப் படரும் கல்பாசி போன்றது), பிறகு பாசி, பிறகு புல், பிறகு புதர், கடைசியில் மரம் என்ற வரிசையை நாம் மனப்பாடம் செய்திருக்கிறோம். உண்மையான இடங்களில் அந்த வரிசை எப்படி அமைந்தது என்பதற்கு, நெருங்கிக் கவனிக்கப்பட்ட தீவான கிரக்கட்டோவைப் பார்ப்பதே நல்லது.

ஜாவாவுக்கும் சுமத்ராவுக்கும் இடையே சுந்தா நீரிணையில் இருந்த இந்தத் தீவு 1883 ஆகஸ்ட் 27 அன்று வெடித்துச் சிதறியது. கடல் பொங்கி இரு கரைகளிலும் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். தீவின் பெரும்பகுதி கடலுக்குள் போய்விட, எஞ்சிய ரகாட்டா என்ற துண்டின் மேல் சூடான சாம்பலும் நுரைக்கல்லும் பல மீட்டர் தடிமனுக்குப் படிந்தன. 1884 மே மாதம், அதாவது ஒன்பது மாதம் கழித்து, அங்கே போன பிரெஞ்சுப் பயணி எட்மோன் கொத்தோ கண்ட உயிர் ஒன்றே ஒன்று: வலை பின்னிக்கொண்டிருந்த மிகச் சிறிய சிலந்தி. காற்றில் மிதந்து வந்த அந்தச் சிலந்திக்கு உண்ண ஒரு பூச்சிகூட அப்போது தீவில் இருந்திருக்குமா என்பது ஐயமே. முதலில் வந்து சேருபவர் எப்போதும் அடுத்தவருக்கு வழி அமைத்துக்கொடுப்பவர் என்று கொள்ள வேண்டியதில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

1886இல் ஜாவாவின் பொகோர் தாவரவியல் பூங்காவின் இயக்குநர் மெல்ஷியோர் ட்ரியூப் அங்கே போனபோது, சாம்பலின் மேல் நீலப்பசும்பாசிகள் வழுவழுப்பான மெல்லிய படலமாகப் படர்ந்திருந்தன. அந்த ஈரப் படலத்தில் பெரணிகள் முளைத்திருந்தன. பெரணியின் வித்துகள் தூசியைவிட நுண்ணியவை, காற்றில் நெடுந்தூரம் வரக்கூடியவை. கரையோரத்தில் நிலைமை வேறு. அங்கே கடல் கொண்டுவந்த விதைகள் முளைத்தன. அடம்புக் கொடியும், பின்னர் சவுக்கும் நாட்டு வாதுமையும் கரையைப் பிடித்தன. நம் கடற்கரைகளில் நாம் நன்கு அறிந்த செடிகள்தாம் இவை, காரணம் இவற்றின் விதைகள் உப்புநீரில் மிதந்து பயணம் செய்தும் உயிரோடிருப்பவை அல்லது மணலில் தயக்கமின்றி வேரூன்றுபவை.

1897 அளவில் உட்பகுதியில் பெரணிகளின் இடத்தைப் பேய்க்கரும்பு போன்ற உயரமான புற்கள் பிடித்திருந்தன. பிறகு அத்தி வகைகள் வந்தன. அத்திப்பழத்தைத் தின்ற பறவைகளும் பழந்தின்னி வௌவால்களும் கடலைக் கடந்து வந்து எச்சமிட, மரங்கள் எழுந்தன. மரங்கள் எழுந்ததால் மேலும் பறவைகள் தங்கின. அவை மேலும் விதைகளைக் கொண்டுவந்தன. 1920களின் இறுதிக்குள் புல்வெளியின் பெரும்பகுதியைக் காடு மூடிவிட்டது. வெடிப்பிலிருந்து கணக்கிட்டால் ஒரு மனித ஆயுளுக்கும் குறைவு.

இந்தக் கதையிலும் ஒரு வழக்கு உண்டு. தீவில் ஒரு விதைகூட, ஒரு வேர்கூடப் பிழைக்கவில்லை என்று யாரும் தோண்டிப் பார்த்து உறுதிசெய்யவில்லையே என்று டச்சுத் தாவரவியலாளர் பாக்கர் 1929இல் எழுதினார். அவர் கேட்டது நியாயமான கேள்வி. அதற்குத் தெளிவான விடை அளித்தது ஐஸ்லாந்துக்குத் தெற்கே 1963 நவம்பரில் கடலுக்குள்ளிருந்து எழுந்த சுர்ட்சி தீவு. அதற்கு முன் அங்கே நிலமே இல்லாததால் பிழைத்திருக்க எதுவும் இல்லை. 1965இலேயே அங்கு கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த கரையோரச் செடி ஒன்று முளைத்துவிட்டது, லைக்கனுக்கும் பாசிக்கும் காத்திருக்கவில்லை. பின்னர் நெடுங்காலம் மந்தமாக இருந்த வளர்ச்சி, 1986இல் கடற்பறவைகள் கூட்டமாகக் கூடுகட்டத் தொடங்கியதும் வேகமெடுத்தது. பறவை எச்சத்தின் தழைச்சத்து விழுந்த இடம் மட்டும் பச்சைத் திட்டாகத் தெரிகிறது. அதைச் சுற்றி இன்றும் கருங்கல்லும் மணலும்தான்.

ஒரு தாவரம் ஏன் இன்னொன்றுக்கு இடம் விடுகிறது?

விட்டுக்கொடுப்பது என்பது நாம் ஏற்றிச் சொல்லும் பொருள். உண்மையில் நடப்பவற்றை 1977இல் ஜோசப் கானல், ரால்ஃப் ஸ்லேட்டியர் என்ற இரு சூழலியலாளர்கள் மூன்றாகப் பிரித்துக் காட்டினர். இன்றுவரை அந்தப் பிரிவு பயன்படுகிறது.

முதலாவது துணைபுரிதல். செயிண்ட் ஹெலன்ஸ் மலையின் நுரைக்கல் சமவெளியில் முதலில் வேரூன்றிய லூப்பின் என்ற செடி பயறு வகைக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் வேர்முடிச்சுகளில் வாழும் பாக்டீரியங்கள் காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணில் நிலைப்படுத்துகின்றன. கொழுஞ்சியைப் பசுந்தாள் உரமாக மடக்கி உழும் நம் விவசாயிகளுக்கு இது புதிய செய்தி அல்ல. லூப்பின் மடிந்த இடத்தில் மண் உருவாகி மற்றச் செடிகள் வந்தன.

இரண்டாவது சகித்தல். பின்னால் ஆதிக்கம் பெறும் மரமும் தொடக்கத்திலேயே முளைத்திருக்கலாம். வெயில் விரும்பும் செடிகள் விரைவாக வளர்ந்து விரைவாக முதிர, நிழலைத் தாங்கும் கன்று அவற்றின் அடியில் பொறுமையாக நின்று கடைசியில் மேலே வரும். இங்கே முன்னவர் பின்னவருக்கு உதவவும் இல்லை, தடுக்கவும் இல்லை.

மூன்றாவது தடுத்தல். முதலில் வந்தது இடத்தைப் பிடித்துக்கொண்டு வேறு எதையும் விடாது. கலிபோர்னியக் கடலோரப் பாறைகளில் வெய்ன் சூசா செய்து 1979இல் வெளியிட்ட ஆய்வு இதை அழகாகக் காட்டியது. அங்கே முதலில் வரும் பச்சைக் கடற்பாசி, பின்னால் வரவேண்டிய செம்பாசிகளைத் தடுக்கிறது. நண்டுகள் பச்சைப்பாசியைத் தின்று இடைவெளி உண்டாக்கினால்தான் செம்பாசி நுழைய முடிகிறது. நம் மலையடிவாரங்களில் உண்ணிச்செடி அடர்ந்து பின்னிக் கிடக்கும் இடத்தில் குனிந்து பாருங்கள். நடுப்பகலிலும் இருட்டாக இருக்கும் அந்தத் தரையில் மரக்கன்றுகளைக் காண்பது அரிது. காலம் கனிந்தால் எல்லாம் தானாகச் சரியாகும் என்ற நம்பிக்கை அங்கே எடுபடாது.

எல்லா இடங்களிலும் ஒரே வரிசையில்தான் மாற்றம் நடக்குமா?

இல்லை. அலாஸ்காவின் பனிப்பாறை விரிகுடாவை 1794இல் ஆங்கிலேயக் கடற்பயணி வான்கூவரின் பயணக்குழு கண்டபோது வாயிலருகிலேயே பனிச்சுவர் நின்றது. அதன் பிறகு பனி 100 கிலோமீட்டருக்கும் மேல் பின்வாங்கிவிட்டது. ஆகவே விரிகுடாவின் வாயிலிலிருந்து உள்ளே போகப் போக இளைய நிலத்தைக் காணலாம். சூழலியலாளர் வில்லியம் கூப்பர் 1916இல் அங்கே சிறு சிறு சதுரங்களை அடையாளமிட்டுக் கணக்கெடுக்கத் தொடங்கினார். தரையோடு படரும் டிரையாஸ், நைட்ரஜனை நிலைப்படுத்தும் ஆல்டர் புதர், இறுதியில் ஸ்புரூஸ் மரக்காடு என்ற வரிசை அங்கிருந்து உலகெங்கும் பாடநூல்களுக்குப் போனது.

1995இல் கிறிஸ்டோபர் ஃபாஸ்டி மரங்களின் ஆண்டு வளையங்களை எண்ணி அந்த வரிசையைச் சோதித்தார். வயதில் மூத்த இடங்கள் இன்றைய இளைய இடங்களைப் போன்ற அடர்ந்த ஆல்டர் நிலையைக் கடந்து வரவே இல்லை. அவை வேறு பாதையில் வந்தவை. விதை தரும் மரங்கள் எவ்வளவு அருகில் இருந்தன என்பது பாதையை மாற்றியிருந்தது. பல வயதுடைய இடங்களை அருகருகே வைத்து, ஒன்று மற்றொன்றின் கடந்தகாலம் என்று கருதும் முறையில் உள்ள பெரிய குறை இது. ஒரு தெருவில் நிற்கும் குழந்தை, இளைஞர், முதியவர் மூவரையும் பார்த்து, முதியவரும் அந்தக் குழந்தையைப் போலவே வளர்ந்திருப்பார் என்று சொல்ல முடியாதல்லவா?

உச்சக் குழுமம் என்று ஒன்று உண்டா?

அமெரிக்கரான ஃபிரெடெரிக் கிளெமென்ட்ஸ் 1916இல் இதை உறுதியாகச் சொன்னார். ஒவ்வொரு தட்பவெப்பத்துக்கும் ஓர் இறுதிக் குழுமம் உண்டு. ஓர் உயிர் பிறந்து வளர்ந்து முதிர்வதுபோல் நிலம் அந்த உச்சத்தை நோக்கிப் போகும் என்பது அவர் கருத்து. ஹென்றி கிளீசன் மறுத்தார். குழுமம் என்பது ஓர் உடல் அல்ல. ஒவ்வோர் இனமும் தன் தேவைக்கும் வாய்ப்புக்கும் ஏற்பத் தனித்தனியாக வந்து சேர்கிறது, அவை ஓரிடத்தில் கூடியிருப்பதையே நாம் குழுமம் என்று அழைக்கிறோம் என்றார். அன்று அவர் சொல் எடுபடவில்லை. பிற்காலத்தில் ஏரிச் சேற்றில் புதைந்த மகரந்தங்களை ஆராய்ந்தபோது, பனியூழிக்குப் பின் ஒவ்வொரு மர இனமும் தன் வேகத்தில் தனியாக நகர்ந்திருப்பது தெரிந்தது. கூடி வாழும் காடுகள் கூடியே பயணம் செய்யவில்லை.

நீண்ட காலம் பெரிதாக மாறாத குழுமங்கள் இருக்கின்றன என்பது உண்மை. ஆனால் அதை இலக்கு என்றும், அதற்கு முந்தியவற்றைக் குறைப்பிரசவம் என்றும் எண்ணுவதில்தான் தவறு இருக்கிறது. அந்தத் தவறு நம் ஊரில் எவ்வளவு இழப்பை உண்டாக்கியது என்பதை அடுத்த விடை சொல்லும்.

நீலகிரியின் புல்வெளிகள் காடாக மாறாமல் நின்றுவிட்ட நிலங்களா?

நீலகிரி, பழனி மலைகளின் உச்சிகளில் மடிப்புகளில் சோலையும் மேடுகளில் புல்லுமாக நிலம் அமைந்திருக்கிறது. சோலையின் விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல் இருக்கும். இரண்டடி எடுத்து வைத்தால் இருளிலிருந்து வெயிலுக்கு வந்துவிடுவீர்கள். இந்தப் புல்வெளி இயல்பானதா, மனிதர் தீவைத்தும் மாடு மேய்த்தும் காட்டை அழித்ததால் வந்ததா என்ற விவாதம் 1938இலேயே அச்சேறியது. ரங்கநாதன் என்ற வன அலுவலர் உறைபனியே மரக்கன்றுகளைத் தடுக்கிறது, இது இயற்கையான நிலை என்றார். போர் என்ற தாவரவியலாளர் தீயும் மேய்ச்சலும் உண்டாக்கிய நிலை என்றார்.

விடை சதுப்பு மண்ணில் கிடைத்தது. வெப்பமண்டலப் புற்களில் பலவும் மரங்களும் காற்றிலுள்ள கார்பனை எடுத்துக்கொள்ளும் வழி வேறு. அதனால் அவை மட்கிய மண்ணில் கார்பனின் கனமான வடிவம் வெவ்வேறு விகிதத்தில் பதிகிறது. நீலகிரியின் சதுப்புக் கரிமண்ணை அடுக்கடுக்காக ஆராய்ந்து ராமன் சுகுமாரும் உடனிருந்தோரும் 1993இல் வெளியிட்ட முடிவு, ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன்பே, மலையில் உழவோ மேய்ச்சலோ தொடங்குவதற்கு வெகுகாலம் முன்பே, அங்கே புல் செழித்திருந்ததைக் காட்டியது. காலநிலை மாற மாறப் புல்லும் சோலையும் ஒன்றையொன்று முன்னும் பின்னும் தள்ளிவந்திருக்கின்றன.

ஆனால் அதற்குள் அந்தப் புல்வெளிகளில் பெரும்பரப்பை வெறும் நிலம் என்று கருதிச் சீகை (வாட்டில் என்ற அயல்நாட்டு மரம்), தைலமரம், பைன் ஆகியவற்றை நட்டுவிட்டார்கள். வரையாடு மேய்வது புல்வெளியில். 12 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி சரிவுகளை நிறைப்பதும் அங்கேதான். நாட்டு மரங்கள் தாங்காத உறைபனியைத் தாங்கும் சீகை இன்றும் தானாகப் பரவிக்கொண்டிருக்கிறது. இதில் எதிர்பாராத ஒன்றும் உண்டு. பழனி மலையின் சில பழைய சீகைத் தோட்டங்களின் நிழலில் சோலை மரக்கன்றுகள் முளைத்து வருகின்றன. அங்கே எல்லாவற்றையும் ஒரேயடியாக வெட்டினால் அந்தக் கன்றுகளும் போய்விடும். ஆகவே ஒரே மலையில் ஓரிடத்தில் சீகையை அகற்றுவதும் இன்னோரிடத்தில் பொறுத்திருப்பதும் சரியாக இருக்கலாம்.

மனிதர் விலகிக்கொண்டால் இயற்கை தானாகச் சீராகிவிடுமா?

சில இடங்களில் ஆகும். இங்கிலாந்தின் ரோத்தம்ஸ்டெட் ஆய்வுநிலையத்தில் 1882இல் கோதுமை வயலின் ஒரு மூலையை அறுக்காமல் விட்டார்கள். அது சில பத்தாண்டுகளில் காடாகிவிட்டது. அதன் ஒரு பகுதியில் மட்டும் ஆண்டுதோறும் மரக்கன்றுகளைப் பிடுங்கிவருகிறார்கள். அந்தப் பகுதி இன்றும் செடிகொடிகளாகவே இருக்கிறது.

எல்லா இடங்களிலும் அப்படி இல்லை. ராஜஸ்தானின் பரத்பூர் அருகே உள்ள கேவலாதேவ் பறவைப் புகலிடத்தில் 1982இல் எருமை மேய்ச்சல் தடைசெய்யப்பட்டது. பறவைகளுக்கு நல்லது என்ற எண்ணத்தில் செய்ததுதான். எருமைகள் தின்று கட்டுக்குள் வைத்திருந்த நீர்ப்புல் அதன்பின் நீர்ப்பரப்பை அடைத்தது. திறந்த நீரை நம்பிய பறவைகள் குறைந்தன. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் பல ஆண்டு ஆய்வு இதைப் பதிவுசெய்தது.

நம் கண்மாய்களும் இப்படித்தான். வண்டல் சேரச் சேர ஆழம் குறைந்து, வேலம்பாசி இருந்த இடத்தில் அல்லியும், அல்லி இருந்த இடத்தில் சம்பும் நாணலும் வரும். கடைசியில் கரைக்குள் கருவேலம் நிற்கும். ஊர்கூடித் தூர்வாரியதன் மூலம் நம் முன்னோர் நூற்றாண்டுகளாக அந்த மாற்றத்தைத் திரும்பத் திரும்பத் தொடக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள்.

விலங்குகளுக்கும் நுண்ணுயிரிகளுக்கும் இது பொருந்துமா?

பொருந்தும், இன்னும் வேகமாக. மழைநாளில் விழுந்த மாட்டுச் சாணத்தில் சில நிமிடங்களில் ஈக்கள், அடுத்துச் சாணவண்டுகள், ஈப்புழுக்களைத் தின்னும் வண்டுகள், சில நாட்களில் காளான் என்று ஒரு முழுத் தொடரும் நடந்து முடிந்துவிடும். ஆனால் இங்கே உணவு தீர்ந்ததும் தொடர் முடிகிறது. பிணத்தில் வரும் பூச்சிகளின் வரிசையை வைத்து இறந்த காலத்தைக் கணிப்பதும் இந்த அறிவைக் கொண்டுதான்.

காடு மீள எவ்வளவு காலம் ஆகும்?

எதை மீட்சி என்று சொல்கிறோம் என்பதைப் பொறுத்தது. அமெரிக்கக் கண்டங்களிலும் மேற்கு ஆப்பிரிக்காவிலும் கைவிட்ட நிலங்களில் மீண்டெழுந்த வெப்பமண்டலக் காடுகளை ஒப்பிட்டு 2021இல் வெளியான விரிவான ஆய்வின்படி, மண்வளம் சுமார் 10 ஆண்டுகளில் மீள்கிறது. காட்டின் உருவமைப்புக்கு 25 முதல் 60 ஆண்டுகள் ஆகின்றன. எந்தெந்த இனங்கள் எந்த அளவில் இருந்தனவோ அந்தச் சேர்க்கை திரும்ப 120 ஆண்டுகளுக்கும் மேல் ஆகிறது. தூரத்திலிருந்து பார்த்தால் 30 ஆண்டுக் காடும் பழைய காடும் ஒன்றுபோல் பச்சையாகத் தெரியும். உள்ளே போனால்தான் வேறுபாடு தெரியும்.

மியாவாக்கி முறையில் நட்டால் இடைப்பட்ட படிகளைத் தாண்டிவிடலாமா?

ஜப்பானியத் தாவரவியலாளர் அகிரா மியாவாக்கியின் முறை, ஓர் இடத்தில் இயல்பாக எந்தக் காடு இருந்திருக்குமோ அதன் மரங்களைத் தேர்ந்து, மண்ணைப் பண்படுத்தி, மிக நெருக்கமாக நடுவது. முன்னோடிச் செடிகள் செய்யவேண்டிய வேலையின் ஒரு பகுதியை உரமும் உழைப்பும் செய்துவிடுகின்றன. கட்டிட இடிபாடு கொட்டிய நகர்ப்புற மனையில் இதை வரவேற்கிறேன். நடும் மரங்கள் அந்த ஊருக்கு உரியவையா என்று மட்டும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஆனால் வருவாய்ப் பதிவேட்டில் தரிசு என்றோ மேய்ச்சல் புறம்போக்கு என்றோ எழுதியிருக்கும் ஒவ்வொரு வெளியிலும் குழி தோண்டுவதை ஏற்க முடியாது. வெளிமானும் வானம்பாடியும் வாழ்வது அந்த வெட்டவெளியில்தான். நிலத்தின் பெயர் வரி வாங்குவதற்காக எழுதப்பட்டது. அங்கே என்ன வாழ்கிறது என்று பார்த்து எழுதப்பட்டதல்ல. நடுவதற்கு முன் ஒரு மழைக்காலம் முழுவதும் அங்கே சும்மா போய்வந்து, முளைப்பவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இதை நான் எங்கே பார்க்கலாம்?

குளிரூட்டி நீர் சொட்டும் ஒரு பழைய சன்ஷேடைத் தேர்ந்தெடுங்கள். நான் நான்கு ஆண்டுகளாகப் பார்த்துவரும் ஒன்றில், முதலில் காரைமேல் கருமையான கறை இருந்தது, தொட்டால் வழுக்கும். அடுத்த மழைக்குப் பின் அதன்மேல் வெல்வெட்டுப்போல் பாசி. பாசி பிடித்துவைத்த தூசி கால் விரற்கடை அளவு சேர்ந்ததும் அதில் ஒரு சிறு பெரணி. இப்போது விரிசலில் ஓர் அரசங்கன்று நிற்கிறது, ஆறு இலைகள். நுனித்தளிர் செம்பு நிறம். பெரணி அதன் நிழலில் முன்னைவிடச் செழிப்பாக இருக்கிறது. ஆண்டுதோறும் ஒரே மாதத்தில், ஒரே இடத்தில் நின்று ஒரு படம் எடுத்து, தேதியும் கண்ட செடிகளின் பெயரும் எழுதிவைத்தால் போதும். பெயர் தெரியாதவற்றுக்கு ஓர் இலையை நோட்டுக்குள் அழுத்திவையுங்கள்.